பதின்மூன்றாம் எண்ணுக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி

அந்த வேலைக்கான அறிவிப்பில் ஒரு நிபந்தனை இருந்தது. இந்திய அணிக்காக ஒரு சர்வதேச ஆட்டத்திலாவது களத்தில் இறங்கி ஆடியிருக்க வேண்டும். பட்டியலில் பெயர் மட்டும் இருந்தால் செல்லாது. வசுமதி அந்த வரியை மனப்பாடமாகச் சொல்வாள். கார்டன் ரீச் பக்கம் ஒரு பொதுத்துறை அலுவலகம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஒரு கிளார்க் இடம். வேலையோடு குவார்ட்டர்ஸும் உண்டு.

குவார்ட்டர்ஸ்தான் விஷயம். அவள் அப்பா இராஜமாணிக்கம் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் ஃபோர்மேன். ஏப்ரல் கடைசியில் அவருக்கு ஓய்வு, தளம் கொடுத்த வீட்டையும் அதோடு காலி செய்ய வேண்டும். அதற்குள் மகளுக்கு வேலை கிடைத்தால் குடும்பம் கல்கத்தாவில் இருக்கும். கிடைக்காவிட்டால் தூத்துக்குடி. அங்கே அவள் சித்தப்பா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். உப்பளத்தில் சூப்பர்வைசர். நல்ல மனிதராகவே இருக்கலாம். வசுமதி கார்டன் ரீச்சில் பிறந்தவள். வாயைத் திறந்தால் தமிழுக்கு முன்னால் வங்காளம் வந்து நிற்கும். இருபத்திரண்டு வயதுக்குள் தூத்துக்குடிக்கு நான்கு முறை போயிருந்தாள், நான்கும் கல்யாணங்கள்.

கல்கத்தாவின் பெயரைக் கொல்கத்தா என்று மாற்றிய மறு வருடம் நவம்பரில், தெற்காசிய மகளிர் கூடைப்பந்து சாம்பியன்ஷிப் இங்கே நடந்தது. ஆறு நாடுகள், ஐந்து நாட்கள். போட்டியை நடத்தும் மாநிலத்துக்கு ஒரு இடம் என்று வசுமதியைப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியாகச் சேர்த்தார்கள். எண் பதின்மூன்று. அவள் மோசமான ஆட்டக்காரி அல்ல. ஆனால் ஒதுக்கீட்டில் வந்தவள் என்பதே கோச்சுக்குப் போதுமானதாக இருந்தது. பயிற்சி முகாமில் முதல் நாளே அவளுக்கு 'கெஸ்ட் ஆர்டிஸ்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்.

நான் அந்தப் போட்டியில் ஸ்கோரர். காலேஜை இரண்டாம் வருடம் விட்டுவிட்டு ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை நேரங்கள் காலியாக இருந்தன. அதனால் மைதானத்தில் நடக்கும் லீக் ஆட்டங்களில் ஸ்கோர் எழுத உட்கார்ந்தேன். ஆறு வருடம் எழுதியபின், சர்வதேசப் போட்டிக்கு ஆள் தேடியபோது என்னையும் எடுத்துக்கொண்டார்கள். வசுமதியை லீக்கில் ஆடும் பதினாறு வயதிலிருந்தே தெரியும். மேஜைக்கு வந்து, "ஸ்ரீதா, எனக்கு எத்தனை ஃபவுல்?" என்று கேட்பாள். ஸ்ரீநாத் என்பது ஸ்ரீதா ஆகிவிடும். இங்கே மூத்தவன் பெயரோடு ஒரு 'தா' ஒட்டிக்கொள்ளும். தமிழனானாலும் தப்ப முடியாது.

ஸ்கோர்ஷீட்டில் பன்னிரண்டு பெயர்கள் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம். அந்த ஆட்டக்காரி முதல் முறையாகக் களத்தில் கால் வைக்கும்போது அந்தக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் அவள் அன்று ஆடவில்லை. அவ்வளவுதான். இரண்டு கோடு. அவளுக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அந்த இரண்டு கோட்டில் இருந்தது.

முதல் நான்கு ஆட்டங்களிலும் அவள் கட்டம் காலி.

மூன்றாவது ஆட்டத்தில் இந்தியா தொண்ணூற்றாறு, எதிரணி இருபத்தெட்டு. மற்ற பதினோரு பேரும் இறங்கினார்கள். முழங்காலில் கட்டுப் போட்டிருந்தவள்கூட இறங்கினாள். ஆட்டம் முடிந்து அரங்கத்துக்கு வெளியே முறி என்கிற மசாலாப் பொரி வாங்கிக்கொண்டு நின்றோம். அவள் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

"எங்க பில்டிங் கேட்டுல நிக்கிற தர்வானை இறக்கியிருந்தாலும் இன்னிக்கு ஜெயிச்சிருக்கும் ஸ்ரீதா."

"கேட்டுப் பாத்தியா?"

"கேட்டேனே. 'டிராக் சூட் கெடைச்சுதில்ல, போதாதா'ன்னார். பக்கத்துல மேனேஜர் பல்லக் காட்டறார். அப்பா தினம் காலனியில நாப்பது பேரக் கூட்டிட்டு வர்றார். பெஞ்சுல உக்காந்துட்டிருக்கிறவளைப் பாத்து வசு வசுன்னு கத்தறாங்க. சாலா, எனக்குத் தரையில புதைஞ்சிடலாம்போல இருக்கு."

"ஃபைனல் இருக்கே."

"ஃபைனல்ல இறக்கிடுவானாம்," என்று பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு அணியின் பஸ்ஸில் ஏறினாள்.

இறுதி ஆட்டம் இலங்கையோடு. அரங்கம் நிரம்பி, படிகளிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் மேஜையில் ஐந்து பேர். எனக்கு வலதுபுறம், மேற்பார்வைக்காக வெளியிலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரி துரைசாமி. கோலாலம்பூர்க்காரர். மேஜையில் தமிழ் பேசுகிறவன் ஒருத்தன் இருக்கிறான் என்பதில் அவருக்கு முதல் நாளிலிருந்தே சந்தோஷம். "கல்கத்தாவுல தமிழ் கேட்கும்னு நெனைக்கலை லா" என்று, அவர்கள் ஊர் 'லா'வோடு, ஒரு நாளைக்கு மூன்று முறை சொன்னார்.

கடைசிப் பகுதியில் இந்தியா பதினாறு புள்ளி முன்னால். ஒரு நிமிடம் இருந்தபோது கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. பலகையில் நாற்பத்தொரு நொடி. பந்து இந்தியாவிடம். கோச் திரும்பிப் பார்க்காமலே விரலை வசுமதி பக்கம் ஆட்டினார்.

அவள் டிராக் சூட்டைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தாள். என் முன்னால் நின்று, மாற்று ஆளுக்கான சைகையாக இரண்டு கைகளையும் குறுக்காக வைத்து, "பதிமூணு" என்றாள். மூச்சு வாங்கியது. மேஜைக்குப் பக்கத்தில், உள்ளே போகக் காத்திருப்பவர்களுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருக்கும். அதன் நுனியில் உட்கார்ந்தாள்.

நான் நீலப் பேனாவால் அவள் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டேன்.

போடக் கூடாது. அவள் கோட்டைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் போட வேண்டும். ஆனால் மைதான லீக்கில் நாங்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை. அங்கே மேஜையைச் சுற்றி ஐம்பது பேர் நிற்பார்கள். யார் உள்ளே போனார், யார் வெளியே வந்தார் என்று தலைகளுக்கு நடுவில் தெரியாது. அதனால் ஆள் வந்து எண்ணைச் சொன்னதும் குறியைப் போட்டுவிடுவோம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அப்படிச் செய்தான், அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் அப்படித்தான் செய்திருப்பான். லீக்கில் எப்படியும் ஆள் உள்ளே போய்விடுவார்கள். யாரும் மாட்டிக்கொண்டதில்லை. நான்கு நாட்கள் கவனமாக இருந்த கை, ஐந்தாம் நாள் அந்தக் கூச்சலில் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது.

மாற்று ஆள் இறங்க வேண்டுமானால் பந்து நிற்க வேண்டும். வெளியே போக வேண்டும், அல்லது ஃபவுல் விழ வேண்டும். அப்போதுதான் மேஜையிலிருந்து ஹார்ன் அடிக்கலாம். பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அடிக்க முடியாது.

பந்து நிற்கவில்லை. இந்தியப் பெண்கள் இருபது நொடி பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி ஒரு ஷாட் போட்டார்கள். வளையத்தில் பட்டுத் திரும்பியது. இலங்கை எடுத்தது. ஓடியது, போட்டது, விழவில்லை. அவர்களே திரும்ப எடுத்துப் போட்டார்கள், விழவில்லை. கைகளுக்கு நடுவிலிருந்து இந்தியாவின் ஏழாம் எண் பந்தைப் பிடுங்கினாள். தாரா. சென்னைப் பெண். ஒன்பது நொடி. அவள் பந்தைத் தட்டிக்கொண்டு மெதுவாக நடந்தாள். இலங்கைப் பெண்கள் விட்டுவிட்டார்கள். யாரும் ஃபவுல் செய்யக்கூட வரவில்லை.

எங்கள் மேஜையிலிருந்து ஆறு அடி தூரத்தில்தான் அவள் கோட்டை ஒட்டி வந்தாள். வசுமதி நாற்காலியிலிருந்து பாதி எழுந்து கத்தினாள்.

"பாயிரே! பல்டா பாயிரே ஃபேல்!"

வெளியே, பந்தை வெளியே போடு. வங்காளத்தில் கத்தினாள். பதறும்போது அவளுக்கு வருவது அதுதான். தாரா திரும்பிப் பார்த்தாள், உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்துச் சிரித்தாள், கையை உயர்த்திக் காட்டினாள். அந்த ஒரே வார்த்தையைத் தமிழில் சொல்லியிருந்தால் அந்தப் பெண் பந்தை வெளியே தட்டியிருப்பாள். ஜெயித்த ஆட்டம், அவளுக்கு என்ன நஷ்டம்?

நேரம் முடிந்தது. எல்லோரும் களத்துக்குள் பாய்ந்தார்கள். வசுமதி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

நான் ஷீட்டைப் பார்த்தேன். பதின்மூன்றுக்கு எதிரே என் பெருக்கல் குறி.

திருத்தலாம். அதன் மேல் கோடு போட்டு, துரைசாமியிடம் சொல்லி, பக்கத்தில் சுருக்கொப்பம் வாங்கினால் முடிந்தது. ஒரு நிமிட வேலை. நடுவர் கையெழுத்துப் போடும்வரைதான் நேரம். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்துகொண்டிருந்தார்.

"என்ன தம்பி, எல்லாம் சரியா இருக்கு லா? கையெழுத்து வாங்கிறலாமா?" என்றார் துரைசாமி.

"சரியா இருக்கு சார்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு நிறைய யோசித்தேன். அவளுக்கு நல்லது செய்வதாக அன்று நினைத்துக்கொண்டேன். கோச் கொடுக்காததை நான் கொடுக்கிறேன் என்ற திமிரும் கொஞ்சம் இருந்தது. ஆனால் பெரிய பங்கு வெட்கம். கோலாலம்பூர்க்காரர் முன்னால், சின்னப் பையன் செய்கிற தப்பை நான் செய்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நடுவர் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அந்தத் தாளில் இருப்பதுதான் நடந்தது.

நான்கு நாள் கழித்து ஷீட்டின் நகலோடு கார்டன் ரீச் போனேன். இராஜமாணிக்கம் கதவைத் திறந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தம்பி, வாங்க. கடைசியில எம்பிள்ளைய எறக்கிட்டாம்லா! முன்னால நின்ன தடிப்பயலுவ மறைச்சிட்டானுவ. எறங்குனதத்தான் பாக்க முடியல. ஓடுனதப் பாத்தேன். அது போதும்."

அவருக்குப் பின்னால் வசுமதி தண்ணீர் செம்போடு நின்றாள். அவள் அவரைத் திருத்தவில்லை என்று புரிந்தது. நகலை அவரிடம் கொடுத்தேன். அவர் விரலால் தடவிப் பெயரைத் தேடினார். குறி என்ன சொல்கிறது என்று கேட்டார்.

"ஆடினாங்கன்னு அர்த்தம் அங்கிள்."

வசுமதி செம்பைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பிறகு, "ஸ்ரீதா, இங்க வா" என்று என்னை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"நீயா போட்ட?"

"ஆமா. நீ வந்து நம்பர் சொன்னதும் பழக்கத்துல போட்டுட்டேன்."

"அப்புறம் பாக்கலியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு விட்டுட்ட."

"ஆமா."

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் குறி எனக்கு வேணும்," என்றாள். "வேண்டாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆனா வேணும். நாலு மேட்ச்ல என்னை இறக்கியிருக்கணும், இறக்கல. அது மட்டும் நியாயமா?"

"இல்ல."

"அப்ப இருக்கட்டும். அப்பாகிட்ட வாயத் தொறக்காத."

அதோடு முடிந்திருக்கும். அந்த நகல் ஒன்று மட்டும் விண்ணப்பத்தோடு போயிருந்தால் இன்றைக்கு அவள் ஏதோ ஒரு மேஜையில் ஃபைல் கட்டிக்கொண்டிருப்பாள். ஆனால் இராஜமாணிக்கத்துக்கு முப்பத்தொரு வருட அரசாங்க வேலை ஒன்றைக் கற்றுக்கொடுத்திருந்தது: எத்தனை தாள் கேட்கிறார்களோ அதற்கு மேல் நாலு தாள் சேர்த்து வை. அவர் பிரமோஷன், லீவ், மனைவியின் ஆபரேஷன் செலவு எல்லாம் அப்படித்தான் கிடைத்தன. கேட்டது மூன்று இணைப்பு. அவர் பதினொன்று வைத்தார். பள்ளிக்கூடத்து நூறு மீட்டர் ஓட்டச் சான்றிதழ்கூட இருந்தது. எல்லாவற்றிலும் கெஜட்டட் ஆபீசரின் முத்திரை.

ஒன்பதாவது இணைப்பு ஒரு போட்டோ. இறுதி ஆட்டம் முடிந்த நொடியை ஒரு வங்காளப் பத்திரிகை போட்டிருந்தது. பத்திரிகையில் அது சின்னதாக, ஓரங்கள் வெட்டி, மசமசவென்று வந்திருந்தது. இந்தியப் பெண்கள் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். இடது ஓரத்தில் மகளின் முகத்தில் பாதி. அவருக்கு அந்தப் பாதி போதவில்லை. பத்திரிகை ஆபீசுக்கே போய், இரண்டு மணி நேரம் காத்திருந்து, போட்டோகிராபரைப் பிடித்து, முழுப் படத்தையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கி வந்தார். அவள் சட்டையில் பதின்மூன்று நன்றாகத் தெரிந்தது. வசுமதியிடம் காட்டவில்லை. நேர்முகத் தேர்வு முடிந்ததும் சட்டம் போட்டு மாட்டி ஆச்சரியப்படுத்த நினைத்தாராம்.

ஜனவரியில் நேர்முகத் தேர்வு. தேர்வுக் குழுவில் இருந்த பர்சனல் அதிகாரி வெங்கடநாராயணன் என்று தெரிந்ததும் இராஜமாணிக்கத்துக்கு இன்னும் தெம்பு வந்தது. நம்ம ஊர் ஆள், பார்த்துக்கொள்வார் என்று காலனி முழுக்கச் சொன்னார். வெங்கடநாராயணன் காலேஜில் நான்கு வருடம் கூடைப்பந்து ஆடியவர். அந்தத் தகவல் மட்டும் காலனியில் யாருக்கும் தெரியாது.

தேர்வு முடிந்து பத்தாம் நாள் எனக்குக் கூடைப்பந்துச் சங்கத்தின் மூலமாக ஒரு கடிதம் வந்தது. ஸ்கோரர் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

நான் போக வேண்டியதற்கு முந்தின நாள் மாலை, எங்கள் வீடு இருக்கும் டாக்குரியாவுக்கு வசுமதி வந்தாள். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். பாலிகஞ்சு பக்கம் போகும் வண்டிகள் வந்து வந்து ஆட்களைக் கொட்டின.

"போட்டோவை இன்டர்வியூல என் முன்னாடி வச்சாங்க," என்றாள். "நான் அப்பதான் முதல் தடவையா பாக்கறேன். பலகையில நாலு சுழி, நேரம் முடிஞ்சாச்சு. நான் நாற்காலியில. 'இது உள்ளே போறவா உட்கார்ற நாற்காலியாச்சே'ன்னார் அந்த வெங்கடநாராயணன். நான் முழிச்சேன்."

"என்ன சொன்ன?"

"அதுக்கு முன்னாடியே ஒரு தடவை இறங்கி வெளிய வந்தேன், கடைசியில மறுபடி இறங்கறதா இருந்ததுன்னு சொன்னேன். அவர் எப்பன்னு கேட்டார். ரெண்டாவது குவார்ட்டர்னேன்." என் பக்கம் திரும்பினாள். "முதல்லயும் மூணுலயும் நீ சிவப்புல எழுதுவ. ரெண்டு, நாலு நீலம். குறி நீலம். சரியா வருதா?"

நேர்முகத் தேர்வு நாற்காலியில், மூன்று அதிகாரிகள் முன்னால், அதை யோசித்திருக்கிறாள். ஒரு சர்வதேச ஆட்டத்தில் அவள் இறங்கியிருந்தால் எப்படி ஆடியிருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சரியா வருது."

"அப்ப நாளைக்கு நீயும் அதையே சொல்லு. ரெண்டாவது குவார்ட்டர், ரெண்டு நிமிஷம். பாயின்ட் இல்ல, ஃபவுல் இல்ல. அவ்வளவுதான். யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது? கோச் பாட்டியாலாவுல இருக்கான்."

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா? சொல்லுவியா, மாட்டியா?"

"சொல்றேன்."

"சத்தியமா?"

"சொல்றேன்னேனே."

அவள் எழுந்து, "தமிழ்ல கத்தியிருக்கணும்" என்றாள். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. வண்டி வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

அந்த அலுவலகம் பழைய கட்டடம். உயரமான கூரை, நீளமான வராந்தா. வராந்தா பெஞ்சில் வசுமதியும் இராஜமாணிக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். எதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவளிடம் கேட்டிருப்பார். சும்மா ஒரு சரிபார்ப்பு என்று சொல்லியிருப்பாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என்னைவிட முப்பத்தைந்து வயது பெரியவர்.

வெங்கடநாராயணன் மரியாதையாகத்தான் பேசினார்.

"வாங்கோ, உட்காருங்கோ. காபி சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார்."

அவர் ஷீட்டையும் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். போட்டோ தெளிவாக இருந்தது. துரைசாமியின் வழுக்கை, என் குனிந்த தலை, அவள் கை, வாய். பலகையில் சுழிகள்.

"இதோ பாருங்கோ. இந்தப் பொண்ணு கெட்டிக்காரி. பேசறதிலேயே தெரியறது. எனக்கு அவளுக்குக் கொடுக்கறதுல ஆட்சேபணையே இல்லை. அடுத்த இடத்துல இருக்கறவன் தூங்குமூஞ்சி. ஆனா இந்தப் படத்தை அவ அப்பாவே ஃபைல்ல வெச்சுட்டார். இனிமே நான் பாக்கலைன்னு சொல்ல முடியாது. நாளைக்கு ஆடிட்ல எவனாவது எடுப்பான்."

"ஆமா சார்."

"ரெண்டாவது குவார்ட்டர்ல இறங்கினேன்னு சொல்றா. அப்படின்னா படத்துல பிரச்னையே இல்லை. முன்னாடி ஆடிட்டு, கடைசியில மறுபடியும் போறதுக்கு உட்கார்ந்திருக்கா. நீங்க எழுதினவர். நீங்க ஆமான்னா நான் இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன்."

கதவை அவரே திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். நான் நுழைந்தால் போதும்.

"எழுத்துல கொடுத்துடுங்கோ," என்று ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "பெயர், முகவரி, அப்பா பெயர். மேஜைல இருந்த மத்தவாளையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். ஃபார்மாலிட்டி. பொய்யா இருந்தா அப்புறம் கேஸ் அது இதுன்னு போகும், அதுக்காகச் சொல்றேன்."

பேனாவை எடுத்தேன். பெயரை எழுதினேன். முகவரியை எழுதினேன். கேஸ் என்ற சொல் காதில் நின்றுவிட்டது. என் அப்பா ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. காலேஜை விட்டதிலிருந்து என்னோடு முழு வாக்கியமாகப் பேசியதில்லை. போலீஸ்காரன் ஒருவன் எங்கள் வீட்டு மணியை அடிப்பதை நினைத்தேன். மற்ற நால்வரில் எவனாவது ஒருவன், இல்லையே, அவள் இறங்கவே இல்லையே என்று சொல்வதை நினைத்தேன்.

"என்ன, யோசிக்கறேள்?"

"அவ இறங்கலை சார்."

"இறங்கலையா?"

"இல்ல. நான் தப்பா குறி போட்டுட்டேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த கோபம் இல்லை. சலிப்பு இருந்தது. "அப்ப அவ என்கிட்ட சொன்னது?"

நான் மேஜையில் இருந்த ஷீட்டைப் பார்த்தேன். பதில் அவருக்குத் தேவைப்படவில்லை. என் பிழை என்று இருந்தது ஒரு நொடியில் அவள் பொய் என்று ஆகிவிட்டது.

"சரி, எழுதிடுங்கோ," என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டபின் தாளை வாங்கிப் படித்துவிட்டு, "நேர்மையா சொன்னேள். இந்தக் காலத்துல அபூர்வம்" என்றார். நேர்மைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அன்று ஷீட்டில் சொல்ல வேண்டியபோது வெட்கப்பட்டேன். இன்று பொய் சொல்ல வேண்டியபோது பயந்தேன். இரண்டுக்கும் நடுவில் உண்மை வந்து விழுந்தது. மற்ற நால்வரில் யாரையும் அவர் கூப்பிட்டுக் கேட்கவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

வராந்தாவுக்கு வந்தேன். இராஜமாணிக்கம் எழுந்து வந்தார்.

"நல்லபடியா சொன்னியளா தம்பி?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன் அங்கிள்."

"அது போதும். நீங்க எழுதுனதுதானே. எழுதுனவரே வந்து சொன்னதுக்கு மேல என்ன இருக்கு? இருங்க, சாயா வாங்கியாரேன். நீங்க போயிராதிய." அவர் படியிறங்கிப் போனார். அறுபது வயதில் அப்படி இறங்குகிறவரை நான் பார்த்ததில்லை.

வசுமதி உட்கார்ந்தே இருந்தாள்.

"சொன்னியா?"

"இல்ல."

"என்ன சொன்ன?"

"நீ இறங்கலைன்னு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம் இல்லை. லீக்கில் நடுவர் தப்பாக விசில் அடித்தால் அப்படித்தான் பார்ப்பாள். வாதாடினால் இன்னொரு ஃபவுல் விழும் என்று தெரிந்த பார்வை.

"எழுத்துலயா?"

"ஆமா."

"அன்னிக்கே சொல்லியிருந்தா கட்டம் காலியா இருந்திருக்கும். வேலை இல்ல, அவ்வளவுதான். இன்னிக்குச் சொல்லாம இருந்திருந்தா வேலை இருந்திருக்கும். நீ ரெண்டு தடவையும் தலைகீழா செஞ்ச. இப்ப வேலையும் இல்ல, நான் ஃபிராடு."

"வசு..."

"தாக். விடு. உனக்கு ஒண்ணும் ஆகாது. உன்னைக் கூப்பிட்டு அடுத்த நேஷனலுக்கு எழுதச் சொல்லுவாங்க, பாரு. நேர்மையான ஸ்கோரர்."

அதுவும் நடந்தது. அவளை இரண்டு வருடம் எந்த ஆட்டத்திலும் ஆடக்கூடாது என்று சங்கம் மார்ச்சில் தடை செய்தது. என்னை ஏப்ரலில் ஜூனியர் போட்டிக்குக் கூப்பிட்டார்கள். போனேன்.

இராஜமாணிக்கம் மூன்று மண் கோப்பைகளை விரல்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு மேலே வந்தார். ஒன்றை என்னிடம் முதலில் கொடுத்தார். பிறகு பெஞ்சில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏட்டி, இவிய குவார்ட்டர்ஸ் எல்லாம் மூணாவது மாடியாம்லா. கீழ டீக்கடைக்காரன் சொல்லுதான். அம்மைக்கு முழங்காலு ஏறாது. கிரவுண்ட் ஃப்ளோர் கேட்டு ஒரு லெட்டர் எழுதிருவோம். மெடிக்கல் சர்ட்டிபிகேட்டு ஒண்ணு சேத்து வச்சா குடுத்துருவான்."

வசுமதி டீயைக் குடித்தாள். அவசரமில்லாமல், கடைசிவரை.

"அந்தப் பக்கம் தண்ணி எப்பிடின்னு கேட்டுக்கணும்," என்றார் அவர். "தம்பி, ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆளு யாரும் அங்க இருக்காவளா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்பா," என்றாள் அவள். "மே மாசத்துக்கு லாரிக்கு இப்பவே சொல்லி வச்சிடுங்க. சீசன்ல கெடைக்காது."

"லாரியா? இங்கேருந்து இங்க வாரதுக்கு எதுக்குட்டி லாரி? ரெண்டு தள்ளுவண்டி போதாதா?"

அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சிரித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது, எங்கே வைப்பது என்று தெரியாமல்.